பழைய சயின்ஸ் ஃபிக்‌ஷன் படங்களின் 4கே டிஸ்க்குக்குக் காத்திருப்பவர்களுக்கு: எதைப் பார்ப்பது, எப்போது வாங்குவது

மனதுக்குப் பிடித்த பழைய விண்வெளிப் படம் ஒன்று 4கேயில் வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் கை தானாக முன்பதிவுப் பொத்தானுக்குத்தான் போகும். கொஞ்சம் பொறுங்கள். அட்டையில் இருக்கும் 4கே என்ற எழுத்து டிஸ்க்கில் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்று மட்டும்தான் சொல்லும். அந்தப் புள்ளிகளுக்குள் என்ன இருக்கிறது என்பது படத்தை எந்தப் பிரதியிலிருந்து ஸ்கேன் செய்தார்கள், அதை யார் எப்படிச் சுத்தம் செய்தார்கள் என்பதைப் பொறுத்தது. புதிதாக இதில் இறங்குகிறவர்கள் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கப் பழகிக்கொண்டால் போதும்: "இது எதிலிருந்து எடுத்தது?" மற்றதெல்லாம் அதைத் தொட்டுத்தான் வரும்.

முதலில், உங்களிடம் என்ன கருவி இருக்கிறது என்று பாருங்கள்

இது சுலபம், சீக்கிரம் முடித்துவிடலாம். டிவிடி என்றால் 720×480 அல்லது 720×576 புள்ளிகள். 2006ல் வந்த ப்ளூரே 1920×1080, எச்டி என்பது இதைத்தான். 2016ல் வந்த அல்ட்ரா எச்டி ப்ளூரே, அதாவது எல்லோரும் '4கே டிஸ்க்' என்று சொல்வது, 3840×2160. இந்தக் கடைசி வகைக்குத் தனி ப்ளேயர் வேண்டும், சாதாரண ப்ளூரே ப்ளேயரில் ஓடாது. டிஸ்க் டிரைவ் உள்ள ப்ளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் ஓடும். ப்ளேஸ்டேஷன் 4 ப்ரோவில் ஓடாது, பெயரைப் பார்த்து நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பழைய டிஸ்க் விற்கும் இடங்களில் 'எச்டி டிவிடி' என்று சிவப்புப் பெட்டியில் ஒன்று கிடைக்கும், அது ப்ளூரேயோடு போட்டியிட்டுத் தோற்ற வகை, தோஷிபா 2008 பிப்ரவரியிலேயே கைவிட்டுவிட்டது. மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள்.

அப்புறம் ரீஜியன். சாதாரண ப்ளூரேயில் ஏ, பி, சி என்று மூன்று பூட்டு உண்டு. தோராயமாகச் சொன்னால் அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, தென்கிழக்கு ஆசியா எல்லாம் ஏ. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா, ஆஸ்திரேலியா பி. தெற்காசியா, ரஷ்யா, சீனா சி. 4கே டிஸ்க்கில் இந்தப் பூட்டு கிடையாது, எங்கே வாங்கினாலும் எங்கேயும் ஓடும். ஆனால் 4கே பெட்டிக்குள் கூடவே வரும் ப்ளூரே டிஸ்க்குக்குப் பூட்டு இருக்கலாம், பல நேரம் கூடுதல் காட்சிகளும் பேட்டிகளும் அந்த டிஸ்க்கில்தான் இருக்கும். வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரீமிங்கிலேயே 4கே வருகிறதே, டிஸ்க் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 4கே டிஸ்க்கில் நொடிக்கு 128 மெகாபிட் வரை தரவு ஓட முடியும், ஸ்ட்ரீமிங்கில் வருவது அதில் ஒரு சிறு பங்கு. பகல் வெளிச்சத்தில் இரண்டு பேர் பேசும் காட்சியில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. புகை, பனிமூட்டம், கறுப்பு வானத்தில் சிறு நட்சத்திரங்கள் என்று வந்தால் உடனே தெரியும். சயின்ஸ் ஃபிக்‌ஷன் படத்தில் அவைதானே பாதி!

எதிலிருந்து எடுத்தது?

ஃபிலிமில் எடுத்த படத்துக்குக் கேமராவுக்குள் ஓடிய நெகட்டிவ்தான் மூலம். அதிலிருந்து இன்டர்பாசிட்டிவ், அதிலிருந்து டூப் நெகட்டிவ், அதிலிருந்து தியேட்டருக்குப் போகும் பிரிண்ட். ஒவ்வொரு படி இறங்கும்போதும் நுணுக்கம் குறையும், கிரெயின், அதாவது ஃபிலிமில் இயல்பாகவே தெரியும் பொடிப் புள்ளிகள், கூடும். ஆகவே "ஒரிஜினல் கேமரா நெகட்டிவிலிருந்து புதிய 4கே ஸ்கேன்" என்று அறிவிப்பில் எழுதியிருந்தால் நிம்மதியாக எதிர்பார்க்கலாம். "இன்டர்பாசிட்டிவிலிருந்து" என்றிருந்தால் அதுவும் மோசமில்லை, நெகட்டிவ் கெட்டுப்போயிருக்கலாம், கிடைக்காமல் போயிருக்கலாம். "டிஜிட்டல் முறையில் மெருகேற்றப்பட்டது" என்று மட்டும் எழுதி ஸ்கேன் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். டிவிடி காலத்தில் செய்து வைத்த பழைய எச்டி மாஸ்டரை (டிஸ்க்குகளை உருவாக்க வைத்திருக்கும் மூலப் பிரதி) தூசு தட்டிப் புது அட்டையில் போடுவது இன்றும் நடக்கிறது.

நம் வகைப் படங்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கம்ப்யூட்டர் வருவதற்கு முன் ஒரு விண்கலத்தையும் ஒரு கிரகத்தையும் ஒரே ஃப்ரேமில் காட்ட வேண்டுமென்றால், தனித்தனியாக எடுத்த ஃபிலிம்களை ஆப்டிகல் பிரிண்டரில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிவு செய்வார்கள். அப்படியென்றால் அந்த ஷாட் நெகட்டிவில் ஏறும்போதே பல தலைமுறை தாண்டிய பிரதி. அதனால்தான் நடிகர் முகம் பளிச்சென்று இருக்கும் படத்தில், கலம் பறக்கும் ஷாட் வந்ததும் கிரெயின் திடீரென்று கூடி, படம் சற்று மங்கி, ஷாட் முடிந்ததும் பழையபடி ஆகும். இதைப் பார்த்து டிஸ்க் சரியில்லை என்று திட்டுபவர்கள் நிறைய. டிஸ்க் சரியாகத்தான் இருக்கிறது, படம் அப்படித்தான் உருவானது.

இந்தத் தரக்குறைவு அன்றைய கலைஞர்களுக்கு நன்றாகவே தெரியும், அதைச் சமாளிக்க அவர்கள் செய்ததைப் படித்தால் மரியாதை கூடிவிடும். 1977ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் எஃபெக்ட்ஸ் ஷாட்களை, ஃபிலிமைப் படுக்கைவாட்டில் ஓட்டிப் பெரிய ஃப்ரேம் தரும் விஸ்டாவிஷன் முறையில் எடுத்தார்கள். அதே ஆண்டின் 'குளோஸ் என்கவுன்டர்ஸ் ஆஃப் தி தேர்ட் கைண்ட்', 1982ன் 'பிளேட் ரன்னர்' இரண்டிலும் எஃபெக்ட்ஸுக்கு, வழக்கமான 35மிமீயைவிட அகலமான 65மிமீ ஃபிலிம். 1968ல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்துக்கு ஸ்டான்லி குப்ரிக் முழுக்கவே 65மிமீ எடுத்ததோடு, முடிந்த இடங்களில் பிரதி எடுக்காமல், பதிவான நெகட்டிவை அப்படியே பத்திரப்படுத்தி வைத்து, பிறகு அதே நெகட்டிவில் அடுத்த பகுதியைப் பதிவு செய்தார். 2018ல் வந்த அந்தப் படத்தின் 4கே டிஸ்க், கேமரா நெகட்டிவை 8கேயில் ஸ்கேன் செய்து உருவானது. இவ்வளவு காலம் கழித்தும் கலங்களின் விளிம்பு அத்தனை கூர்மையாக நிற்பதற்கு அந்தப் பிடிவாதம்தான் காரணம்.

ஏன் இவ்வளவு தாமதம் என்று புரிந்துகொள்ளுங்கள்

காத்திருப்பின் பெரும் பகுதி இங்கேதான் கழிகிறது, காரணம் தெரிந்தால் கோபம் கொஞ்சம் குறையும்.

'ஸ்டார் ட்ரெக்: தி மோஷன் பிக்சர்' 1979ல் வந்தது. இயக்குநர் ராபர்ட் வைஸ் அவசரமாக முடிக்க நேர்ந்த படம், அதனால் 2001ல் அவர் மேற்பார்வையில் டைரக்டர்ஸ் எடிஷன் ஒன்று டிவிடியில் வந்தது, ரசிகர்களுக்கு அதுதான் சரியான வடிவம் என்று ஆகிப்போனது. அதற்குப் புதிதாகச் செய்த கம்ப்யூட்டர் காட்சிகளை டிவிடி அளவுக்குத்தான் உருவாக்கியிருந்தார்கள். ப்ளூரே காலம் வந்தது, திரையரங்கில் ஓடிய வடிவம் எச்டியில் வந்தது, டைரக்டர்ஸ் எடிஷன் மட்டும் வரவே இல்லை. நெகட்டிவை மறுபடி ஸ்கேன் செய்தால் மட்டும் போதாது, அந்தப் புதுக் காட்சிகளை முதலிலிருந்து மறுபடி செய்ய வேண்டும், அதற்கு நிறுவனம் பணம் போட வேண்டும். 2022ல்தான் அது நடந்தது, 4கேயில். இருபத்தோரு ஆண்டு!

ஜேம்ஸ் கேமரூனின் 'தி அபிஸ்' (1989) கதை வேறு. 2000ல் வந்த டிவிடியில் படம் பழைய டிவிக்கு ஏற்றபடி அடைக்கப்பட்டிருந்தது, அகலத் திரையில் போட்டால் நான்கு பக்கமும் கறுப்பாக, நடுவில் சின்னதாகப் படம் தெரியும். அதற்குப் பிறகு எச்டியில் ஒரு டிஸ்க் வர 2024 மார்ச் ஆகிவிட்டது. ஒவ்வொரு ஆண்டும் வரப்போகிறது, வரப்போகிறது என்ற பேச்சு மட்டும் இருந்தது.

'மெட்ரோபோலிஸ்' (1927) விஷயத்தில் காத்திருந்ததே காணாமல் போன காட்சிகளுக்காக. ஃப்ரிட்ஸ் லாங்கின் அந்தப் படத்தை பெர்லின் முதல் காட்சிக்குப் பிறகு வெட்டிவிட்டார்கள். 2008ல் புவனோஸ் ஐரிஸ் நகரின் சினிமா அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய முழு நீளப் படம் 16மிமீ நெகட்டிவ் பிரதியாகக் கிடைத்தது. சுமார் 25 நிமிடம் திரும்பி வந்தது. 2010 பிப்ரவரியில் பெர்லினில் திரையிட்டார்கள், அதே ஆண்டு ப்ளூரேயும் வந்துவிட்டது. அந்த 25 நிமிடம் மட்டும் கோடு கோடாகக் கீறலோடு இருக்கும். ஏற்கெனவே கீறல் விழுந்த பிரிண்டிலிருந்து 16மிமீக்கு மாற்றியதால் கீறல்களும் படத்தோடு சேர்ந்தே பதிவாகிவிட்டன, துடைத்தால் போகிற அழுக்கு அல்ல அது. ரெஸ்டோரேஷன், அதாவது பழைய படத்தைச் சீரமைக்கும் வேலை, செய்தவர்கள் முடிந்தவரை தணித்து, மீதியை அப்படியே விட்டார்கள். அதுதான் சரி என்பேன். எது கண்டெடுத்த காட்சி என்று பார்க்கும்போதே தெரிகிறது.

செய்தியை எங்கே, எப்படிப் பின்தொடர்வது

ஒரு பழைய படத்தின் டிஸ்க் திடீரென்று வானத்திலிருந்து குதிக்காது, முன்கூட்டியே தடயம் இருக்கும். கான் திரைப்பட விழாவின் கிளாசிக்ஸ் பிரிவு, இத்தாலியின் பொலோன்யாவில் ஆண்டுதோறும் நடக்கும் இல் சினிமா ரித்ரொவாத்தோ, இந்த இரண்டின் பட்டியலையும் பார்த்து வையுங்கள். புதிய ரெஸ்டோரேஷன் ஒன்று அங்கே திரையிடப்பட்டால், பெரும்பாலும் டிஸ்க்கும் பின்னாலேயே வரும், உடனே வராவிட்டாலும். அடுத்த தடயம் தணிக்கை. பிரிட்டனின் பிபிஎஃப்சி தளத்தில் ஒரு பழைய படமோ அதன் கூடுதல் காட்சிகளோ புதிதாகச் சான்றிதழ் வாங்கியிருந்தால் யாரோ வேலை பார்க்கிறார்கள் என்று பொருள்.

கடைகளின் இணையப் பக்கத்தில் டிசம்பர் 31 என்று தேதி போட்டிருந்தால் அதை நம்பாதீர்கள். தேதி தெரியாதபோது இடத்தை நிரப்பப் போடுவது அது.

நிறுவனங்களையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. பெரிய ஸ்டுடியோக்கள் தங்கள் புகழ்பெற்ற படங்களைத் தாங்களே வெளியிடும், மற்றதைச் சிறு நிறுவனங்களுக்கு உரிமம் கொடுக்கும். கிரைட்டீரியன், ஆரோ, கினோ லார்பர், ஷவுட், யுரேகா, செகண்ட் சைட் போன்ற பெயர்கள் அடிக்கடி வரும். ஸ்கேன் விவரம், வண்ணத்தை யார் ஒப்புதல் செய்தார், ஒலி எது என்பதை இவர்களில் பெரும்பாலோர் அறிவிப்பிலேயே எழுதிவிடுவார்கள். ஒரே படத்தை இரண்டு நாட்டில் இரண்டு நிறுவனம் வெளியிடும்போது படம் ஒரே மாஸ்டராக இருந்தாலும் டிஸ்க்கில் அடைக்கும் விதம் வேறாக இருக்கலாம், அவசரப்படாமல் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அறிவிப்பு வந்ததும் விவரப் பட்டியலில் மூன்று வரி

முதல் வரி, எந்த வடிவம். 'பிளேட் ரன்னர்' படத்துக்கு 2007ல் வந்த பெட்டியில் மட்டும் ஐந்து வடிவங்கள். 'குளோஸ் என்கவுன்டர்ஸ்' படத்துக்கு 1977, 1980, 1998 என்று மூன்று. நீங்கள் காத்திருந்தது அந்த டிஸ்க்கில் இருக்கிறதா, இருந்தால் 4கேயிலா அல்லது கூடுதல் டிஸ்க்கில் சாதாரண எச்டியிலா என்று பாருங்கள்.

இரண்டாவது, திரை விகிதம், அதாவது படத்தின் அகலம் உயரத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது. 1953 வாக்கில் ஹாலிவுட் அகலத் திரைக்கு மாறியது. அதற்கு முந்தைய படங்கள் 1.37, அதாவது கிட்டத்தட்டச் சதுரம். பக்கவாட்டில் கறுப்புப் பட்டை வருவதுதான் சரி. பின்னால் வந்தவை 1.66, 1.85, 2.35 என்று விதவிதம். ஐம்பதுகளின் நடுவில் வந்த ராட்சதப் பூச்சிப் படங்களைப் பலர் டிவியில் சதுரமாகவே பார்த்துப் பழகியிருப்பார்கள், அகலமாக வந்தால் மேலும் கீழும் வெட்டிவிட்டார்கள் என்று நினைப்பார்கள். தியேட்டரில் அப்படித்தான் ஓடியது.

மூன்றாவது, ஒலி. அட்மாஸ் (பல ஸ்பீக்கர்களில் சுற்றி ஒலிக்கும் புது முறை) என்று பெரிதாகப் போட்டிருப்பதைத் தாண்டிக் கீழே படியுங்கள், "ஒரிஜினல் மோனோ" அல்லது "ஒரிஜினல் ஸ்டீரியோ" இருக்கிறதா? 1984ன் 'தி டெர்மினேட்டர்' மோனோவில், அதாவது ஒரே தட ஒலியில், வந்த படம், ஆரம்ப ப்ளூரேக்களில் 5.1 சரவுண்டுக்கு மாற்றிய ஒலி மட்டும்தான் இருந்தது, துப்பாக்கிச் சத்தங்களே வேறு. படத்தின் முரட்டுத்தனம் அந்தப் பழைய சத்தத்தில்தான் இருக்கிறது. இது இல்லாமல் ஒரு டிஸ்க் வந்தால் எனக்குப் பாதி ஆர்வம் போய்விடும்.

ஸ்கிரீன்ஷாட் பார்க்கும் முறை

விமர்சனங்கள் வரத் தொடங்கியதும் ஒப்பீட்டுப் படங்களும் வரும். வெளிச்சமாக இருக்கிறதா, நிறம் தூக்கலாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே அதிக வீச்சு காட்டும் முறை) டிஸ்க்கிலிருந்து எடுத்த ஸ்கிரீன்ஷாட் சாதாரண மானிட்டரில் சரியான வெளிச்சத்தைக் காட்டவே காட்டாது. பதிலாக ஒரு நெருக்கமான முகத்தை எடுத்து முழு அளவில் திறந்து பாருங்கள். கன்னத்தில் வியர்வைத் துளைகள் தெரிகின்றனவா? காதோரத்து முடி தனித்தனி இழையாகப் பிரிகிறதா, பெயின்ட் அடித்ததுபோல ஒட்டிக்கிடக்கிறதா? பின்னால் இருக்கும் வெற்றுச் சுவரில் கிரெயின் மெல்லியதாக, சீராக இருக்கிறதா? முகம் மெழுகுபோல வழவழவென்றும் கண்ணிமை மட்டும் வெட்டியெடுத்ததுபோலக் கூர்மையாகவும் இருந்தால், கிரெயினை மென்பொருளால் அழித்துவிட்டு, போன கூர்மையை ஈடுகட்ட விளிம்புகளைச் செயற்கையாகத் தூக்கியிருக்கிறார்கள்.

இதற்குப் பாடப்புத்தக உதாரணம் 2010ல் வந்த 'பிரிடேட்டர்' ப்ளூரே. காட்டுக்குள் வியர்த்து விறுவிறுத்து ஓடும் ஆட்கள் முகத்தில் ஒரு துளையும் இல்லாமல் மொழுமொழுவென்று இருந்தார்கள். ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள், 2018ன் 4கேயில் கிரெயின் திரும்பியது. 'டெர்மினேட்டர் 2' படத்தின் 2017 4கே டிஸ்க்கும் இதே காரணத்துக்காகத் திட்டு வாங்கியது. 2024ல் கேமரூன் படங்கள் வந்தபோது, குறிப்பாக 'ஏலியன்ஸ்', மென்பொருள் முகங்களை மாற்றி எழுதிவிட்டதா என்று பெரிய சண்டையே நடந்தது. சிலருக்கு அந்தச் சுத்தம் பிடித்திருக்கிறது, அது அவர்கள் விருப்பம். என்னைப் பொறுத்தவரை கிரெயின்தான் படம். அந்தப் புள்ளிகளால்தான் முகமே உருவாகியிருக்கிறது, அதை அழித்தால் முகமும் கொஞ்சம் சேர்ந்து போகிறது.

சரி, எதையுமே மாற்றக் கூடாதா? அப்படியும் இல்லை. 1953ன் 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' படத்தில் செவ்வாய்க் கலங்களைக் கம்பிகளில் தொங்கவிட்டு எடுத்தார்கள். அன்றைய டெக்னிக்கலர் பிரிண்ட் சாயத்தை அச்சடிப்பதுபோல ஏற்றும் முறை, சற்று மென்மையானது, அதில் கம்பிகள் மறைந்துவிடும். பின்னால் வந்த கூர்மையான பிரதிகளில் கொத்துக் கொத்தாகக் கம்பி தெரிந்து, ஒரு நல்ல படம் கேலிப் பொருளானது. 2020ல் வந்த கிரைட்டீரியன் ப்ளூரேயின் ரெஸ்டோரேஷனில் அந்தக் கம்பிகளை நீக்கினார்கள். அன்றைய பார்வையாளர் பார்க்காத ஒன்றை இன்றைய ஸ்கேனர் காட்டிக்கொடுத்தால் அதை மறைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அன்றைக்கே எல்லோரும் பார்த்த குறையைத் திருத்துவதுதான் வேண்டாத வேலை.

முன்பதிவா, பொறுமையா?

சிறு நிறுவனங்களின் லிமிடெட் எடிஷன் தடித்த பெட்டி, புத்தகம், போஸ்டர் என்று வரும், தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஆனால் அதே டிஸ்க் சில மாதம் கழித்து சாதாரண அட்டையில் வருவது வழக்கம். படம்தான் வேண்டும் என்பவர்கள் தாராளமாகக் காத்திருக்கலாம். உரிமம் முடிந்து அச்சில் இல்லாமல் போகும் டிஸ்க்குகளும் உண்டு, அதனால் சிறு நிறுவனம் வெளியிட்ட, அதிகம் பேர் கேள்விப்படாத படம் என்றால் நான் தள்ளிப்போட மாட்டேன். பெரிய ஸ்டுடியோவின் பிரபலப் படம் என்றால் விமர்சனம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

முதல் அச்சில் பிழை இருப்பதும் புதிதல்ல. 2002ல் 'பேக் டு தி ஃப்யூச்சர்' டிவிடி பெட்டி வந்தபோது இரண்டாம், மூன்றாம் பாகங்களில் சில காட்சிகளின் ஃப்ரேமிங் தவறாக இருந்தது, யுனிவர்சல் திருத்திய டிஸ்க்கை மாற்றிக் கொடுத்தது. இப்போதும் இப்படி மாற்றுத் திட்டங்கள் அறிவிக்கிறார்கள், பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.

கைக்கு வந்ததும்

திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் டிஸ்க்கை முழுதாக ஒருமுறை ஓட்டிவிடுங்கள். 100 ஜிபி கொள்ளும் 4கே டிஸ்க்கில் மூன்று அடுக்கு உண்டு, ஒரு அடுக்கிலிருந்து அடுத்ததுக்குத் தாவும் இடத்தில் சில ப்ளேயர்கள் தடுக்கி நிற்கும். கைரேகை இருந்தால் மென்மையான துணியால் நடுவிலிருந்து வெளிவிளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்க வேண்டாம்.

டிவியில் அசைவை வழவழப்பாக்கும் வசதி ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அதை அணையுங்கள், நொடிக்கு 24 ஃப்ரேமில் எடுத்த படத்தை அது சீரியல் மாதிரி ஆக்கிவிடும். ஷார்ப்னஸைக் குறையுங்கள். ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதைப் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. டால்பி விஷன் (எச்டிஆரில் ஒரு வகை) வேண்டுமென்றால் டிஸ்க், ப்ளேயர், டிவி மூன்றிலும் அது இருக்க வேண்டும், இல்லாவிட்டாலும் எச்டிஆர்10 தானாக ஓடும், பதறத் தேவையில்லை. அறை விளக்கை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள், விண்வெளிக் கறுப்பு பகல் வெளிச்சத்தில் சாம்பலாகத்தான் தெரியும்.

புதியது வந்துவிட்டது என்று பழைய டிஸ்க்கை உடனே விற்றுவிடாதீர்கள். கமென்ட்டரி, பேட்டி, நீக்கிய காட்சிகள் எல்லாவற்றுக்கும் தனித்தனி உரிமம், புதுப் பதிப்புக்கு அவை வந்து சேராமல் போவது சகஜம். சில நேரம் படமே வந்து சேராது. 'ஸ்டார் வார்ஸ்' முதல் மூன்று படங்களும் தியேட்டரில் ஓடிய மாற்றப்படாத வடிவில் 2006 டிவிடியில் கூடுதல் டிஸ்க்காக வந்தன, அதுவும் டிவிடிக்கு முந்தைய வகையான லேசர்டிஸ்க்குக்கு 1993ல் செய்த மாஸ்டரிலிருந்து எடுத்த மங்கலான படம். 2011 ப்ளூரேயிலும் 2020ன் 4கே பெட்டியிலும் அந்த வடிவம் இல்லை. அந்த டிவிடி உங்களிடம் இருந்தால் பத்திரமாக, நிமிர்த்தி, வெயில் படாத அலமாரியில் வைத்திருங்கள்.